வலிய கப்பித்தான் சுற்று: தக்கலையிலிருந்து ஒரு நாள் வேன் பயணம், கொடுக்கிற காசுக்குத் தகுமா?

தக்கலை பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு ஏற்றி, பத்மநாபபுரம், உதயகிரி, குளச்சல், வட்டக்கோட்டை என்று நான்கு இடம் காட்டி, இருட்டுவதற்குள் நாகர்கோவிலில் இறக்கிவிடுகிறார்கள். வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என்று பட்டம் பெற்றுத் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாக இருந்த டிலனாயின் வாழ்க்கையை அவர் நடமாடிய இடங்களிலேயே சொல்வோம் என்பது விளம்பரம். பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர், ஆளுக்கு 1,400 ரூபாய். சாப்பாடும் நுழைவுச் சீட்டும் தனி. வழிகாட்டி தமிழ், மலையாளம் இரண்டிலும் பேசுவார். வருகிறவர்களில் பாதிப் பேர் பாறசாலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர்கள் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்கிறார். அதில் போகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

வண்டி நல்ல வண்டி. ஓட்டுநர் பொறுமைசாலி, நேரமும் பெரும்பாலும் தவறுவதில்லை. கோளாறு கதையில்தான் இருக்கிறது. டச்சுக் கம்பெனிப் படையோடு வந்த டிலனாய் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் தோற்றுச் சரணடைந்தது 1741இல். இறந்தது 1777இல். நடுவில் உள்ள முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான உழைப்புதான் அவரைத் தளபதி ஆக்கியது. இந்தச் சுற்றோ அவர் தோற்ற கதையையே நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது.

முதல் நிறுத்தம் பத்மநாபபுரம் அரண்மனை. ஒன்பது மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே கூட்டிப் போகிறார்கள், அது சரியான முடிவு. பத்தரைக்கு மேல் பள்ளிக்கூட பஸ்கள் வந்துவிட்டால் மரப்படியில் ஏற வரிசை நிற்கும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அன்றைக்கும் இந்தச் சுற்றுக்கு ஆள் எடுக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். 1956இல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. அதனால் சீட்டு, நேரம், விதி எல்லாம் கேரளக் கணக்கு.

இங்கே வழிகாட்டி நேராகக் கொண்டுபோய் நிறுத்துவது திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் முன் டிலனாய் பணிந்து நிற்கும் ஓவியத்தின் முன்னால். ஓவியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது பிற்காலத்துக் கற்பனை. அதில் தெரிகிற உடுப்பையும் வாளையும் காட்டி "அன்றைக்கு இப்படித்தான் இருந்தது" என்று விளக்குவது தப்பு. இதே இடத்தில் அவரை "டச்சு அட்மிரல்" என்கிறார். அட்மிரலும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, அதில் சம்பளத்துக்கு வேலை செய்த படையாள் அவர். பெரிய பதவி கிடைத்தது இந்தப் பக்கம் வந்த பிறகுதான். வலிய கப்பித்தான் என்ற பட்டம் திருவிதாங்கூர் கொடுத்தது. தோற்றவரைப் பெரிய ஆளாக்கினால் ஜெயித்தவருக்கு மதிப்பு கூடும் என்று நினைக்கிறார்கள் போல.

அங்கிருந்து உதயகிரி சுமார் இரண்டு கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. ஊரில் பழைய ஆட்கள் இன்னும் டில்லனாய் கோட்டை என்றுதான் சொல்வார்கள். ஏறக்குறைய 90 ஏக்கர், நடுவில் தனியாக நிற்கும் ஒரு குன்று, அதைச் சுற்றிக் கருங்கல் மதில். வனத்துறையின் பூங்காவும் உள்ளேயே இருப்பதால் குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்தப் பக்கமே ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தச் சுற்றில் உதயகிரிக்கு ஒன்றே கால் மணி நேரம் தருகிறார்கள். நான்கு இடத்திலும் அதிக நேரம் வேண்டியது இதற்குத்தான். இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

டிலனாய் இந்தக் கோட்டையைப் புதிதாகக் கட்டினார் என்று சொல்லப்படுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கே வேணாட்டு அரசர்களின் கோட்டை இருந்தது. குளச்சல் போருக்குப் பிறகு, 1741 முதல் 1744 வரை, மார்த்தாண்ட வர்மா காலத்தில் அதைப் பலப்படுத்தித் திருப்பிக் கட்டினார்கள், மேற்பார்வை டிலனாய். துப்பாக்கியும் பீரங்கியும் வார்க்கும் உலைக்களமும் உள்ளேயே இருந்தது. சிறைப்பட்டு வந்த ஒருவரிடம் சில ஆண்டுகளுக்குள் ஆயுத உலையையும் கோட்டையையும் ஒப்படைத்த அரசர், அவருக்குக் கீழே பயிற்சிக்கு ஆட்களையும் அனுப்பினார் என்பதில்தான் கதையின் மையம் இருக்கிறது. வழிகாட்டி இதை இரண்டு வரியில் தாண்டிப் போகிறார்.

அதற்கு ஈடாக ஒரு நல்ல காரியம் செய்கிறார். மரத்தில் செய்த ஒரு போலித் துப்பாக்கியை வண்டியிலேயே வைத்திருக்கிறார். மர நிழலில் எல்லாரையும் நிறுத்தி, அக்காலத்து ஐரோப்பியக் காலாட்படை பொறிக்கல் துப்பாக்கியை எப்படி நிரப்பியது என்று செய்து காட்டுகிறார். சுத்தியலைப் பாதி இழுத்து வைக்க வேண்டும். மருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய காகிதப் பொட்டலத்தின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு சிட்டிகை மருந்தைப் பக்கத்துக் கிண்ணியில் போட்டு மூட வேண்டும். மீதி மருந்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் மேலே வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்கி, கம்பியை உருவி அதன் இடத்தில் செருக வேண்டும். பிறகு சுத்தியலை முழுசாக இழுத்துக் குறி பார்த்துச் சுட வேண்டும். பழகியவன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவான். பழகாதவன் ஒரு தடவை சுட்டுவிட்டுத் திகைத்து நிற்பான். இடித்த கம்பியைக் குழலிலேயே மறந்து சுட்டால் குண்டோடு கம்பியும் பறந்துபோகும், அதன்பின் அந்தத் துப்பாக்கி வெறும் தடி. கிண்ணியில் மழைத்துளி விழுந்தால் பொறி பறக்கும், வெடிக்காது. இவ்வளவையும் தாறுமாறாக இல்லாமல் நூறு பேர் ஒரே கட்டளைக்குச் செய்ய வேண்டும். முன்வரிசை சுடும்போது பின்வரிசை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். டிலனாய் திருவிதாங்கூருக்குக் கொடுத்த பெரிய சொத்து இந்தப் பழக்கம்தான். சுற்றிலேயே காசு வசூலாகிற இடமும் இதுதான். குழந்தைகள் கையில் அந்த மரத்துப்பாக்கியைக் கொடுத்துச் செய்யச் சொல்கிறார், நான்காவது படியில் எல்லாரும் குழம்புகிறார்கள்.

அடுத்தது கல்லறை. கோட்டைக்குள் சிதைந்த சிற்றாலயத்தில் டிலனாய், பக்கத்தில் மனைவி, மகன். டிலனாயின் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. லத்தீன் வாசகம், போகிறவனை நிற்கச் சொல்லி ஆரம்பிக்கிறது. திருவிதாங்கூர்ப் படையின் பொதுத் தளபதியாக இருந்து ஏறக்குறைய 37 ஆண்டு அரசருக்கு உண்மையாக உழைத்தார், ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை அவருக்குக் கீழ்ப்படுத்தினார், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் முதல் தேதி இறந்தார் என்று போகிறது. 1741 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் முப்பத்தாறு ஆண்டுகூட முழுசாக வராது. ஆனால் முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் சேர்த்து எண்ணும் நம்மூர்க் கணக்கில் 37 சரியாக வரும்.

நேர் வெயிலில் அந்த எழுத்துகள் தெரியாது. உச்சிப்பொழுதில் கல் மொட்டையாகக் கிடக்கும். வழிகாட்டி போன் டார்ச்சை மேலிருந்து நேராக அடிக்கிறார், பிரயோஜனமில்லை. டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டின் ஓரத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். வரியை விரலால் தொடராமல் ஒரு குச்சியை மேலே பிடித்துக்கொண்டு போனால் இடம் தப்பாது. இரண்டு பேராகப் போனால் ஒருவர் வெளிச்சம் பிடிக்க, ஒருவர் படமெடுக்கலாம். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்தால் ஒன்றில் விட்டது மற்றதில் கிடைக்கும். சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது. எழுத்து அப்போதைக்குத் தெரியும், ஆனால் தூள் நுண்ணிய பிளவுகளில் தங்கி ஈரத்தைப் பிடித்துக் கல்லை அரிக்கும். கூட வருகிறவர்கள் யாராவது பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தால் தடுங்கள், வழிகாட்டி தடுக்க மாட்டார்.

புலியூர்க்குறிச்சியிலேயே முட்டிடிச்சான் பாறையும் இருக்கிறது. அரசுப் பணியில் இருந்து, டிலனாயின் நட்பால் கிறிஸ்தவரான நீலகண்டப் பிள்ளை, அதாவது தேவசகாயம் பிள்ளை, தாகத்தில் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் வந்தது என்று மக்கள் நம்பும் இடம். கேட்டால் இறக்கிவிடுகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. தேவசகாயம் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1749இல் சிறைப்பட்டார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இது டிலனாய் கதையின் மிகக் கடினமான பகுதி. நண்பர் கொல்லப்பட்ட பிறகும், கொல்லச் சொன்ன அரசருக்குக் கீழேயே டிலனாய் தொடர்ந்து தளபதியாக இருந்தார். 1758இல் அந்த அரசர் இறந்த பின் அடுத்தவரிடமும் இருந்தார். வழிகாட்டி வண்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து இதைச் சொல்கிறார் அல்லது விழுங்குகிறார். அவர் பிழைப்பு அவருக்கு. ஆனால் தளபதியின் வாழ்க்கை என்று காசு வாங்கினால் இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

மதியச் சாப்பாடு தக்கலையில். மரச்சீனியும் மீன்கறியும் கேட்டு வாங்குங்கள். பிரியாணிக்கு உட்கார்ந்தால் அரைமணி நேரம் போச்சு.

அதன்பின் குளச்சல். இரண்டரை மணி வெயிலில், கடற்கரையில், ஒன்றரை மணி நேரம். பார்க்க இருப்பது வெற்றித்தூண் ஒன்று, கடல் ஒன்று. அரைமணி நேரம் போதும். குடை இல்லாமல் இறங்காதீர்கள். இங்கே வழிகாட்டி தன் முழு நாடகத்தையும் அரங்கேற்றுகிறார். முக்குவர்கள், அதாவது இந்தக் கரையின் மீனவர்கள், துடுப்பைத் தோளில் சாய்த்துக் கரையோரம் வரிசையாக நிற்க, கப்பலிலிருந்து பார்த்தவர்கள் துப்பாக்கிப் படை என்று பயந்த கதை. ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை, ரசிக்கலாம். ஆனால் டச்சுக்காரர்கள் ஏன் தோற்றார்கள் என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த வான் இம்ஹோஃப் 1739 வாக்கிலேயே மார்த்தாண்ட வர்மாவை மிரட்டத் தொடங்கிவிட்டார். மிளகு வியாபாரம் கையைவிட்டுப் போவதுதான் காரணம். 1741 தொடக்கத்தில் படை குளச்சலில் இறங்கியது. அரசரின் படை வடக்கே காயங்குளம் பக்கம் இருந்ததால் ஆரம்பத்தில் தடையில்லை, பத்மநாபபுரம் வரை நெருங்கினார்கள். அரசர் திரும்பி வந்ததும் குளச்சலுக்குப் பின்வாங்கி அடைபட்டார்கள். தென்மேற்குப் பருவமழையில் இந்தக் கரையில் கப்பல் நெருங்குவது லேசான காரியமில்லை. ஜாவாவில் அப்போது கலவரமும் போரும் நடந்ததால் அங்கே இருந்த டச்சுக் கம்பெனியின் தலைமையிடமான பட்டாவியாவிலிருந்தும் பெரிய உதவி வரவில்லை. முற்றுகையில் வெடிமருந்துக் கிடங்கில் தீப்பிடித்து அரிசி இருப்பும் எரிந்துபோனது. பிறகு சரணடைவதைத் தவிர வழியில்லை. வெற்றி நாளாக ஜூலை 31, ஆகஸ்ட் 10 என்று இரண்டு தேதிகள் வழங்குகின்றன. தூணின் முன்னால் நின்று இதில் சண்டை போட வேண்டாம்.

குளச்சலிலிருந்து வட்டக்கோட்டைக்கு நாகர்கோவில் நெரிசலைத் தாண்டித்தான் போக வேண்டும். குளச்சலில் அதிகம் உட்கார்ந்த பலன் இங்கே தெரிகிறது: ஐந்து மணிக்குமேல் அரக்கப் பரக்கப் போய்ச் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் "எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்கிறார்கள். கொடுமை. டிலனாயின் கைவேலையைக் கடலோரத்தில் நின்று பார்க்க இதுபோல் வேறு இடம் இந்தச் சுற்றில் இல்லை. மூன்றரை ஏக்கர் சுமார். மதில் 25, 26 அடி உயரம். முகப்பில் 29 அடி கனம், பின்புறம் 6 அடிதான். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடக் கோட்டை புரிந்துவிடும்: பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று எதிர்பார்த்தார்களோ அங்கே கல்லைக் கொட்டியிருக்கிறார்கள், மற்ற இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கல்லில் பாண்டியர் மீன் சின்னமும் உண்டு. இடம் பழசு, பலப்படுத்தியதுதான் டிலனாய். மதில்மேல் நடக்கும்போது காற்று தள்ளும், தொப்பியும் போனும் பத்திரம்.

வட்டக்கோட்டையைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் விளங்கும். தெற்கு எல்லையை அடைத்த அரண் வரிசைக்கு இது கடல் முனை. மலைப்பக்கத்து முனை ஆரல்வாய்மொழிக் கணவாய். பாண்டி நாட்டுப் பக்கமிருந்து படை வந்தால் மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள இந்தச் சமவெளி வழியாகத்தான் வர வேண்டும். 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பியை எதிர்த்து ஆங்கிலக் கம்பெனிப் படை வந்ததும் ஆரல்வாய்மொழி அரணை உடைத்துத்தான். அந்த ஊர் இந்தச் சுற்றில் இல்லை. தேவசகாயத்தின் காற்றாடிமலையும் அங்கேயே இருக்கிறது என்பதை நினைத்தால் இந்த விடுதல் இன்னும் உறுத்துகிறது.

திரும்பும் வழியில் வண்டியில் கடைசிப் பேச்சாகத் திப்புவை டிலனாய் விரட்டினார் என்று சொல்லி முடிக்கிறார்கள். இது சுத்தத் தப்பு. டிலனாய் இறந்தது 1777. திப்பு நெடுங்கோட்டையைத் தாக்கியது 1789 டிசம்பர் 29. அன்றைக்குத் திப்புவைத் தடுத்தது டிலனாயின் மேற்பார்வையில் எழும்பிய அரண். கிருஷ்ணன்கோட்டையில் தொடங்கி ஆனைமலை வரை சுமார் 48 கிலோமீட்டர் போன மண், கல், முள்வேலி வரிசை. கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியைக் கொச்சியிலிருந்து விரட்ட 1760களின் தொடக்கத்தில் கொச்சியோடு கைகோத்த பிறகு அந்த வேலை நடந்தது. அடுத்த ஆண்டு, 1790 ஏப்ரலில், அது உடைந்தது, ஆனால் அதற்குள் ஆங்கிலேயரோடு போர் மூண்டுவிட்டதால் திப்பு அதிக தூரம் வர முடியவில்லை. செத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆனவர் கட்டிய சுவர் நின்றது என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய பாராட்டு! அதை விட்டுப் பொய்யாக ஒரு போரில் அவரை நிறுத்துவானேன்? நெடுங்கோட்டை இருந்த இடம் திருச்சூர், எறணாகுளம் பக்கம். இந்த ஒரே நாளில் சேர்க்க முடியாது. அங்கே மிஞ்சியிருப்பதும் கோட்டவாதில், கோட்டமுறி போன்ற ஊர்ப் பெயர்களும் சில மண்மேடுகளும்தான்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். மரத்துப்பாக்கிக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்து வேண்டுமானால் மூன்றரை.

முழு வண்டியும் உங்கள் ஆட்களாக இருந்தால் இதையே நல்ல சுற்றாக மாற்றிக்கொள்ளலாம். முன்கூட்டிச் சொன்னால் கேட்கிறார்கள். முதலில் காலை எட்டரைக்குக் குளச்சல், அரைமணி நேரம். வெயில் ஏறாது, கதையும் வரிசைப்படி தொடங்கும். பத்து மணிக்கு அரண்மனை. பதினொன்றரை முதல் ஒன்றரை வரை உதயகிரி. மர நிழல் இருப்பதால் உச்சி வெயில் அங்கே தாங்கும், கல்லறைக்கு டார்ச் போதும். சாப்பிட்டுவிட்டு நேராக ஆரல்வாய்மொழி, நாலரைக்குள் வட்டக்கோட்டை. அரண்மனையை மதியத்துக்குத் தள்ளாதீர்கள், இடைவேளையில் மாட்டிக்கொள்வீர்கள். ஜூன், ஜூலை மழையில் உதயகிரி மதிலோரக் கல் பாசி பிடித்து வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது. முழங்கால் வலிக்காரர்கள் அரண்மனைப் படிகளில் சிரமப்படுவார்கள். கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளலாம், அந்த ஓவியத்துக்காக மட்டும் ஏற வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழியைச் சேர்த்தால் ஓட்டுநர் டீசலுக்கு வண்டிக்கு 600 ரூபாய் கூடக் கேட்பார், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.